குழாய்க்காரர் வீட்டுக் கடல்

சுவரில் காதை வைத்து, வாயைப் பாதி திறந்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக்கூடாது. மிக்ஸி ஓடக்கூடாது. குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். சுவருக்குள் எந்த இடத்தில் குழாய் கசிகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டு முடித்ததும் விரலால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போடுவார். "இங்கதான் அழுவுது. அரைமணி நேரத்துல முடிச்சிரலாம்" என்பார்.

அதனால்தான் எங்கள் கட்டடத்தில் அவருக்கு அரைமணி என்று பெயர். எதிர் வீட்டில் இருக்கும் எனக்கு அவர் அரைமணி அண்ணன். அவருடைய அரைமணி சில நாள் அரைமணியாகவே இருக்கும், சில நாள் விளக்கு வைக்கும் வரை நீளும். ஆனால் தொட்ட குழாயைச் சரிசெய்யாமல் அவர் எழுந்ததில்லை. முடிந்ததும் ஸ்பானரால் அந்தக் குழாயின் மேல் இரண்டு தட்டுத் தட்டுவார். டொக், டொக். அதன் பிறகு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அவரைப் பொறுத்தவரை அந்த விஷயம் தீர்ந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆள் குட்டை. தோள் மட்டும் கதவகலம். நாள் முழுக்கக் குனிந்தும் மண்டியிட்டும் வேலை பார்ப்பதால் முட்டி தேய்ந்துபோகும் என்று, அவருடைய கால்சட்டை எல்லாவற்றிலும் அண்ணி முட்டிக்கு மெத்தை வைத்துத் தைத்திருக்கிறார். அண்ணி வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவர். மிச்சம் விழும் துணியில் தைப்பதால் மெத்தையெல்லாம் பூப்போட்டதாக இருக்கும். ஒரு முட்டியில் ரோஜா, இன்னொரு முட்டியில் சூரியகாந்தி. போகிற வீட்டிலெல்லாம் சிரிக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டேதான் தினமும் அதை மாட்டிக்கொண்டு போகிறார்.

பித்தளை என்றால் அவருக்கு உயிர். பிளாஸ்டிக் குழாய், பிளாஸ்டிக் வால்வு என்று யாராவது சொன்னால், கெட்ட வார்த்தை காதில் விழுந்த மாதிரி முகம் சுருங்கும். பையிலிருந்து ஒரு பித்தளை வால்வை எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைப்பார். "கனம் தெரியுதா? இது உங்க பேரன் காலத்துலயும் இருக்கும். அந்தப் பிளாஸ்டிக்கு இருக்கே, அது பொம்மை செய்றதுக்கு." வீட்டில் சமையலறை அலமாரியில் மேல்தட்டு முழுக்கப் பித்தளைச் சாமான்தான். ஓய்வான நாளில் பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பார். அண்ணியின் நல்ல கோப்பைகளெல்லாம் கீழ்த்தட்டில் நெருக்கிக்கொண்டு இருக்கும்.

இந்த மனிதருக்கு ஒரு வியாதி உண்டு. ஆசை வியாதி. குழாய் வேலையைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் பாதியில் நிற்கும். ஒரு சமயம் குளியலறையில் காளான் வளர்த்தார். அண்ணி துண்டும் சோப்புமாக எங்கள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் போவார். பிறகு பால்கனியில் ரொட்டி சுட ஒரு அடுப்புக் கட்டினார். அதில் சுட்ட ஒரே ரொட்டி கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்க உதவியது. அக்கார்டியன் வாங்கி ஒரு பாட்டின் முன்பாதியைக் கற்றுக்கொண்டார். பின்பாதிக்காகக் கட்டடமே காத்திருந்தது, அது வரவில்லை. கடைசியாக ஒரு ஜோடிப் புறா. கூண்டுக்குத் தாழ்ப்பாள் வைக்க வேண்டியதுதான் பாக்கி. நாளைக்கு என்றார், மறுநாளும் நாளைக்கு என்றார். ஒரு பூனை அதுவரை பொறுக்கவில்லை. மிஞ்சியிருந்த சிறகுகளை அண்ணி பூந்தொட்டியில் புதைத்துவிட்டு, அன்று எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் உயிருள்ளது எதுவும் வரக்கூடாது என்று சட்டம்.

அந்தச் சட்டத்தைப் பல் டாக்டர் வீட்டுக் கைகழுவும் தொட்டி உடைத்தது.

டாக்டரின் அறையில் அடைப்பு எடுக்கப் போனவர் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். தலையைத் திருப்பினால் எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கடல். நீல வெளிச்சத்தில் கல்லின் மேல் பூ மாதிரி ஏதேதோ ஆடிக்கொண்டிருக்கிறது. பூ இல்லை, எல்லாம் உயிர். விசிறி மாதிரி ஒன்று, காளான் மாதிரி ஒன்று, விரல் விரலாக ஒன்று. அடைப்பு எப்போதோ போய்விட்டது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. ஆளுக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்று டாக்டர் குனிந்து பார்த்தாராம்.

அன்று சாயங்காலம் என் வாசலில் நின்று சொன்னார். "பொறந்ததிலேருந்து தண்ணியோடதான் இருக்கேன். வர்ற தண்ணி, போற தண்ணி, ஒழுகுற தண்ணி, அடைச்ச தண்ணி. ஒரே இடத்துல இருந்துக்கிட்டு வாழ்ற தண்ணியை இன்னிக்குத்தான் பார்த்தேன்." படைத்தவன் தன் கைவேலையைச் சில பேருக்குக் கோயிலில் காட்டுவான், சில பேருக்குக் கைகழுவும் தொட்டிக்கு அடியில் காட்டுவான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்படி ஒரு கடல் தொட்டி வைக்கலாமா என்று அண்ணியிடம் கேட்டார். அண்ணி ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு வாரமும் அண்ணன் பாத்திரம் கழுவினார், துணி மடித்தார், அக்கார்டியனையும் ரொட்டி அடுப்பின் இரும்புக் கதவையும் விற்றுவிட்டு வந்தார். கடைசியில் அண்ணி துணி வெட்டும் மேஜையை ஜன்னலோரம் நகர்த்தி, நீளச் சுவரை விட்டுக்கொடுத்தார். ஆனால் நிபந்தனையோடு.

"காளான் செத்தா குப்பையில போட்டேன். ரொட்டி கல்லாப் போனா கதவுக்கு வச்சேன். இது உயிருங்க. உங்க அரைமணிக்கெல்லாம் அது கட்டுப்படாது. உங்க அவசரத்தால இந்த வீட்டுல இன்னொண்ணு செத்துச்சுன்னா, தொட்டி அன்னிக்கே வெளிய போயிரும். சம்மதமா?"

அண்ணன் தலையை ஆட்டினார். ஆனால் அண்ணி தையல் மெஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், தொட்டி வரப்போகும் சுவருக்கு முதுகு காட்டி.

சாமான் வாங்கப் போன கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்க்கெட்டுக்குப் பின்னால் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு ஒரு விசித்திரக் குணம். விற்கமாட்டார். கேட்டதை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குவதுதான் கடை என்று நாம் நினைப்போம். அந்த அம்மா கேட்டதற்கெல்லாம் வேண்டாம் என்பார்.

அண்ணன் சின்னத் தொட்டி கேட்டார், முதல் தடவைதானே என்று. வேண்டாம் என்றார். சின்னத் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம், கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் கெடும், பெரியதில்தான் தப்புச் செய்தாலும் தாங்கும். அண்ணன் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா என்றார். அதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் என்னென்னவோ கலந்திருக்கும், முழுசாக வடிகட்டி வெறும் தண்ணீராக ஆக்கி, அதில் கடலுப்புப் பொடியை அளந்து கலக்க வேண்டும். சமையல் உப்புக் கூடாது. அண்ணன் கடைக்குள் இருந்த ஆரஞ்சு மீனைக் காட்டி, இதைக் கையோடு கொண்டுபோகட்டுமா என்றார்.

கடைக்கார அம்மா வலையைக் கீழே வைத்தார். "அண்ணே, நீங்க வீடு கட்டி எத்தனை நாள்ல குடி போனீங்க?"

"வாடகை வீடும்மா."

"சரி, சுவரு காயாத வீட்டுல குழந்தையைப் படுக்க வைப்பீங்களா? முதல்ல கல்லு, மணலு, தண்ணி. அது தானா கொதிச்சு அடங்கணும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி வந்து குடியேறணும், அழுக்கைத் தின்னப் பழகணும். அதுக்கப்புறம்தான் மீனு."

"எவ்வளவு நேரமாகும்?"

"நேரம் இல்லண்ணே, வாரக்கணக்கு. மாசம்னாலும் ஆகும்."

அண்ணனின் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும் என்று கூடப் போயிருந்த அண்ணி பிறகு என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் சாமான்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் குழந்தையாகிவிட்டார். தண்ணீர் வடிகட்டும் குப்பிகள் வரிசையாக நிற்கும் பலகையைப் பார்த்ததும், இது நம்ம ஜாதி என்று தடவிக்கொடுத்தார். அலை மோட்டார் இரண்டு, உள்ளங்கை அளவு. தொட்டிக்குள் தண்ணீரைச் சும்மா விடாமல் அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். உப்புப் பார்க்கிற கண்ணாடி ஒன்று. ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து, டெலஸ்கோப் மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சேருகிற கோட்டில் உப்பின் அளவு தெரியும். அதைக் கட்டடத்தில் பார்க்காத ஆளில்லை. தபால்காரருக்கும் காட்டினார். அழுக்கை நுரையாகக் கடைந்து மேலே தள்ளும் குழாய் ஒன்று. தண்ணீரை ஒரே சூட்டில் வைத்திருக்கும் சூட்டுக்கோல் ஒன்று. நீல விளக்கு ஒன்று. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேலிருந்து தண்ணீர் அங்கே இறங்கி, அங்கே சுத்தமாகி, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏற வேண்டும்.

இறங்குவது, ஏறுவது என்றதும் அண்ணனுக்குக் கையரிப்பு வந்துவிட்டது. கடையில் கொடுத்த குழாய்ச் சாமானைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் பிளாஸ்டிக். அதை அப்படியே பரணில் போட்டார். சமையலறை மேல்தட்டிலிருந்து தன் பொக்கிஷத்திலேயே கனமானதாகப் பார்த்து ஒரு பித்தளை வால்வும், அதற்குத் தோதான பித்தளை முழங்கை வளைவுகளும் எடுத்தார். காலுறையால் துடைத்தார். ஏறுகிற குழாயில் அவற்றை முறுக்கி ஏற்றினார். அலமாரிக் கதவைத் திறந்தால் உள்ளே தங்க நகைக்கடை மாதிரி மின்னியது. வந்தவர்களுக்கெல்லாம் தொட்டியைக் காட்டுவதற்கு முன்னால் அதைத்தான் திறந்து காட்டினார்.

தண்ணீர் நிறைந்து, மோட்டார் போட்டு, முதல் முறையாக அந்தத் தண்ணீர் சுற்றி வந்தபோது குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். சொட்டுக் கசிவு இல்லை. குழாயில் காதை வைத்துக் கேட்டார். பிறகு பித்தளை வால்வின் மேல் இரண்டு தட்டு. டொக், டொக்.

அதன் பிறகுதான் அவருக்கு உண்மையான கஷ்டம். வேலை தீர்ந்துவிட்டது, ஆனால் எதுவும் நடக்கவில்லை. கல்லும் மணலும் தண்ணீரும் மட்டும். பார்க்க வந்தவர்கள் மீன் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "கல்லுக்கு ஏசி போட்டு வச்சிருக்கீங்க" என்று மாடி வீட்டுக்காரர் கிண்டலடித்தார். கொஞ்ச நாளில் மணல் மேலும் கல் மேலும் காப்பித்தூள் கொட்டின மாதிரி பழுப்பு படிந்தது. அண்ணன் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டார். கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்று அண்ணி முதுகைக் காட்டியபடியே சொன்னார். கடைக்கார அம்மா தொடக்கூடாது என்றார். அது வரும், தானாகப் போகும், தொட்டிக்கு அம்மை போட்ட மாதிரி.

ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர் மாதிரி கடைக்கு நடந்தார். சொட்டு மருந்து விட்டுக் கலர் பார்த்துவிட்டு அந்த அம்மா சொல்வார். "ஆகல. போய் வேலையைப் பாருங்க." மறுபடி போவார். "ஆகல."

ஆனால் இந்தக் காத்திருப்பில்தான் அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. வேலைக்குப் போகும் முன் ஒரு முக்காலி போட்டுத் தொட்டி முன்னால் உட்காருவார். வெறுமனே உட்காருவார். அந்த மனிதர் சும்மா உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் காலையில் என் கதவைத் தட்டி, "கல்லுலேருந்து கை நீளுது, ஓடி வாங்க" என்றார். போய்ப் பார்த்தால் ஒரு பொந்திலிருந்து நூல் மாதிரி ஒரு கால் வெளியே வந்து, மணலைத் தடவி, எதையோ பொறுக்கிக்கொண்டு உள்ளே போனது. கடல் கல்லில் ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒரு ஜீவன். யாரும் அழைக்கவில்லை, காசு கொடுத்து வாங்கவில்லை. தானாக வந்து குடியிருக்கிறது. எனக்குக் கைகூப்பத் தோன்றியது, கூப்பிவிட்டேன். அண்ணனும் பக்கத்தில் கைகூப்பினார், ஒரு கையில் ஸ்பானரோடு. தொட்டிக்கு முதுகு காட்டியிருந்த தையல் மெஷினின் சத்தம் அந்த நேரம் கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

ஒரு நாள் கடைக்கார அம்மா "ஆச்சு" என்றார்.

முதலில் மீன் இல்லை. நத்தைதான். பழுப்பைத் தின்ன ஒரு கைப்பிடி நத்தை. அதற்கே அண்ணன் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்த மாதிரி வழியெல்லாம் விலகச் சொல்லிக்கொண்டு வந்தார். நத்தைகள் கண்ணாடியில் ஏறின. ஒவ்வொன்றும் போன வழியில் பழுப்பைத் துடைத்துச் சுத்தமாக ஒரு கோடு போட்டது. வாயைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கண்ணாடியை நக்குவதை வெளியிலிருந்து பார்க்கலாம். அண்ணி துணி எடுக்கப் போகும் சாக்கில் அந்தப் பக்கம் போனார், நூல் தேடும் சாக்கில் போனார். அன்று இரண்டு பேருமாகச் சாப்பாட்டுத் தட்டைத் தொட்டி முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

இரண்டு நாள் கூட ஆகியிருக்காது. அண்ணிதான் முதலில் பார்த்தார். ஒரு நத்தை மணலில் மல்லாந்து கிடந்தது. கண்ணாடியிலிருந்து இன்னொன்று, பிடிமானம் விட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே விழுந்தது. என்னைக் கூப்பிட்டார். நான் போகும்போது அண்ணன் முட்டிபோட்டு, தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்த்தியது அங்கேயே கிடந்தது. ஒன்று, தொட்டும் உடம்பை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவே இல்லை. அது போய்விட்டது.

அண்ணி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் என்ன சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார்.

"நான் அவசரப்படலம்மா. அவங்க ஆச்சுன்னு சொன்ன பிறகுதானே..." என்றார் அண்ணன். அது உண்மை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அவசரப்படவில்லை. அதனால்தான் அவருக்குத் தாங்கவில்லை.

"மிச்சம் உயிரோட இருக்கு. முதல்ல அதைப் பாருங்க" என்றார் அண்ணி. தையல் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஒரு வாளியை எடுத்தார்.

மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். வாளி அண்ணியின் மடியில், தண்ணீர் பாட்டில் அண்ணன் கையில். கடைக்கார அம்மா நத்தைகளைத் தன் தொட்டியில் விட்டுவிட்டு, சொட்டு மருந்தெல்லாம் போட்டுப் பார்த்தார். உப்புச் சரி. சூடு சரி. அழுக்கு இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். பிறகு, "நான் கொடுத்த குழாய்தானே போட்டீங்க?" என்று கேட்டார்.

அந்தச் சோகத்திலும் அண்ணனுக்கு முதுகு நிமிர்ந்தது. "அந்தப் பிளாஸ்டிக்கையா? சேச்சே. முழுக்கப் பித்தளை. கனமான சரக்கு."

கடைக்கார அம்மா கையிலிருந்த பாட்டிலை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"அண்ணே, பித்தளையில பாதிக்கு மேல செம்பு. உப்புத் தண்ணி அதைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுத் தண்ணிக்குள்ள இறக்கிரும். மீன் கூட ஓரளவு தாங்கும். நத்தை தாங்காது. பவளம் தாங்கவே தாங்காது. இதுங்களுக்குச் செம்புன்னா விஷம்ணே."

அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். எத்தனையோ பேர் உள்ளங்கையில் அந்தக் கனத்தை வைத்துக் காட்டிய கை. பிறகு அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவர் பிளாஸ்டிக்கைப் பற்றி இத்தனை வருஷம் பேசிய பேச்சையெல்லாம் இப்போது ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலை மட்டும் எடுத்துப் போட்டார்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நல்ல தண்ணியைப் பத்தி மட்டும்தான் போல" என்றார் அண்ணன். "உப்புத் தண்ணி வேற ஆளு."

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். அலமாரிக் கதவைத் திறந்து, மின்னிக்கொண்டிருந்த பித்தளையைக் கழற்றினார். உள்பக்கம் பச்சை பூத்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்து, ஒரு காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தார். பிளாஸ்டிக் குழாயை அளந்து வெட்டிப் பசை தடவிப் பொருத்தினார். இந்த வேலைக்கு அரைமணி என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக்கை வாசல்படி ஏறவிடமாட்டேன் என்றீர்களே, இப்போது நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டீர்களே என்று அண்ணி கேட்டபோதுதான் கொஞ்சம் சிரித்தார். "மரியாதையா இருக்கும் வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

இனி செம்பு வெளியே போக வேண்டும். தண்ணீரை எடுப்பதும் புதுத் தண்ணீர் கலந்து ஊற்றுவதுமாக வீடு முழுக்க வாளி. கடைக்கார அம்மா வெள்ளையாக ஒரு பஞ்சு அட்டை கொடுத்திருந்தார். தண்ணீர் போகும் வழியில் அதை வைத்தால் செம்பைப் பிடித்துக்கொண்டு நீலமாகிவிடும். முதல் அட்டை மயில் கழுத்து நிறத்தில் வெளியே வந்தது. அண்ணன் அதை ஒளிக்கவில்லை. வாசலில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். அடுத்தது கொஞ்சம் வெளுப்பு. அதற்கடுத்தது இன்னும் வெளுப்பு. தேர்தல் முடிவு பார்க்கிற மாதிரி மாடிக்கு ஏறுகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "இன்னிக்கு எப்படி?" என்று மாடி வீட்டுக்காரர் கேட்பார். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை. நான் மாலையில் விளக்கேற்றும்போது, குறுக்கே ஒரு வார்த்தை நத்தைகளுக்காகவும் சேர்த்துச் சொன்னேன். ஆண்டவனுக்கு அதில் சிரிப்பு வந்திருந்தால் வரட்டும்.

கடைசி அட்டை வைத்தபடியே வெள்ளையாக வெளியே வந்த அன்று, அண்ணன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டு படியெல்லாம் இறங்கினார்.

நத்தைகள் திரும்பி வந்தன. அந்த ஒன்றைத் தவிர எல்லாம். கண்ணாடியில் ஏறி நக்க ஆரம்பித்தன. ஒரு வாரம் கழிந்தும் ஒன்றும் விழவில்லை. அதன் பிறகு கடைக்கார அம்மா தானாக ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தனுப்பினார். அவராகக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. விரல் நுனி அளவு கல்லில் ஒட்டிய ஒரு பவளம். கை கையாக விரியும், ஒவ்வொரு கையும் விரலை மடக்கி மடக்கி விரிக்கும், அதுதான் அதன் வேலை என்று சொல்லியிருந்தார். செம்பு ஒரு துளி இருந்தாலும் விரியாது. விரிந்தால் தண்ணீர் நல்லது என்று அர்த்தம்.

தொட்டியில் வைத்தபோது அது நனைந்த கந்தைத்துணி மாதிரி கிடந்தது. மறுநாளும் கந்தைத்துணி. அதற்கு மறுநாளும் அதேதான். அண்ணியின் அந்த நிபந்தனை மூன்றாவது ஆளாக அந்த அறையில் உட்கார்ந்திருந்தது. இதுவும் போனால் தொட்டி போகும். அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். வீடுகளில் சுவரில் காது வைக்கும்போதுகூடக் கவனம் இல்லை என்று கேள்விப்பட்டேன். யாரோ ஒருவர் வீட்டில் இரண்டு வட்டம் போட்டாராம்.

சனிக்கிழமை மதியம். அண்ணி ஒரு பெரிய திரையைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் ஓரம் பிடித்துக் கொடுக்கப் போயிருந்தேன். துணி நீளம். அதை முழுசாக விரிக்க மெஷினைச் சுற்றித் திருப்பினால்தான் முடியும் என்றார். இத்தனை நாளும் அதைவிட நீளத் துணியெல்லாம் திருப்பாமலே தைத்தவர்தான். இரண்டு பேரும் மெஷினைத் தூக்கித் திருப்பிப் போட்டோம். இப்போது தொட்டி அவருக்கு நேர் எதிரே.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நிமிர்ந்தார். கோக்காமல் நின்றார்.

"அது கையை ஆட்டுது" என்றார்.

நானும் பார்த்தேன். கந்தையாகக் கிடந்ததில் ஒரு பக்கம் மட்டும் எழுந்திருந்தது. வெளிறிய ஒரு சின்னக் கை. எட்டு விரல். மடங்கியது. விரிந்தது. மறுபடி மடங்கியது. பக்கத்தில் இன்னொன்று, தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை மாதிரி, பாதி திறந்து, யோசித்து, முழுசாகத் திறந்தது. அண்ணி கீழ்வீட்டில் வேலையாக இருந்த அவரைப் படியில் நின்று கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அண்ணி படியில் நின்று கூவி நான் கேட்டதில்லை.

அண்ணன் படிகளைத் தாவி ஏறி வந்தார். கையில் ஸ்பானர், முகத்தில் பயம். செத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்திருக்கிறார். அண்ணி தொட்டியை நோக்கிக் கையைக் காட்டினார். அவர் முட்டிபோட்டு உட்கார்ந்தார், மூக்கு தொட்டியின் கண்ணாடியில் படாமல் ஒரு விரல் தூரத்தில். உள்ளே இப்போது எல்லாக் கைகளும் விழித்துக்கொண்டிருந்தன. ஒன்று மடங்கும்போது ஒன்று விரிந்தது. பக்கத்துக் கல்லில் ஒரு நத்தை சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தது.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், பழக்கம், ஸ்பானர் தானாக மேலே எழுந்தது. தொட்டியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

அண்ணன் ஸ்பானரை மெதுவாகக் கீழே இறக்கி, தன் முட்டியில், அந்தச் சூரியகாந்திப் பூவின் மேல், சத்தமே வராமல் இரண்டு தட்டுத் தட்டினார். தட்டிவிட்டு எழுந்து போகவில்லை. அங்கேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.